சாலையோரம் உட்கார்ந்திருந்த அம்மா

“பச்சைப் புடவை அக்கா, நிக்காதீங்க, நடந்துகினே இருங்க” என்று மெகாபோனில் உதவி இயக்குநர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பச்சைப் புடவை சினிமாக்காரர்கள் கொடுத்தது. வேண்டுமென்றே மண்ணில் புரட்டி, ஓரத்தைக் கிழித்து வைத்திருந்தார்கள். அக்கா அதை நன்றாக உதறி, நீவி, கொசுவம் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு அழுக்காக உடுத்தத் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் நானும் அக்காவும் ஒன்பது வருஷம் ஒரே மேசையில் பேக்கிங் பார்த்தோம். அவர் வன்னியிலிருந்து கைக்குழந்தையோடு படகில் வந்து இங்கே அகதி முகாமில் இருப்பவர். நான் பொன்னேரியிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவள். ரயிலில் நாவல் படிக்கிற வியாதி எனக்கு உண்டு. ஈழப் போரைப் பற்றிய ஒரு நாவலையும் அப்படித்தான் படித்தேன், மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதைப் படமாக எடுக்கிறார்கள், பக்கத்தில் மூடிக் கிடக்கும் இரும்பு ஷெட்டுக்குப் பின்னால் ஷூட்டிங், கூட்டத்தில் நடக்க முகாம் ஆட்களைக் கேட்கிறார்கள் என்றதும் துள்ளிக் குதித்தது நான்தான். “சும்மா நடக்கறதுதான்க்கா. நீங்க நடக்காத நடையா?” என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் முகாமில் செக்கிங். அதிகாரி பேர் வாசிக்கும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். அதற்குள் முடித்து அனுப்புவதாகப் பேச்சு. காட்சி சின்னதுதான். சனங்கள் மூட்டை முடிச்சோடு மண் சாலையில் போகிறார்கள். நடக்க முடியாத ஒரு கிழவி ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். அவள் மகள் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதபடி போகிறாள், மற்றவர்கள் பேசாமல் கடந்து போகிறார்கள். மகளாக வந்தது நடிகை. கிழவியாக உட்கார்ந்தது பொதட்டூர்பேட்டையிலிருந்து அழைத்து வந்த ஒரு அம்மா. கேமரா நின்றால் வெற்றிலை போடுவார், ஓடினால் துப்பிவிட்டுச் சாகக் கிடப்பதுபோல் சாய்ந்துகொள்வார். அக்காவும் காலேஜ் படிக்கும் அவர் மகளும் கூட்டத்தில் நடந்தார்கள்.

அக்கா அந்த அம்மாவின் அருகே வந்ததும் நின்றார். குனிந்து, அக்குளில் கை கொடுத்து, “எழும்புங்கோ அம்மா” என்றார். விளங்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சொல்லிக் கொடுத்தார்கள். தலையாட்டிவிட்டுப் போய், மறுபடியும் அதே இடத்தில் நின்று குனிந்தார். ஐந்தாவது தடவை அந்த அம்மாவைத் தூக்கி நிறுத்தி நான்கு எட்டு நடத்தியும் விட்டார். “இன்னாமே, உட்ரு என்னை. நான் நல்லாத்தான் கீறேன்” என்றார் அந்த அம்மா. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெயில் இறங்குகிறது, அந்த அக்காவை வெளியே எடுங்கள் என்று மெகாபோன் சொன்னது.

மகளுக்கு அவமானம். நான் நின்ற ஓரத்துக்குக் கூட்டி வந்து, “இன்னாம்மா, இன்னாத்துக்கு இப்டிப் பண்ற? எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

“உன்ர அம்மம்மாவை நான் இப்பிடித்தான் விட்டிட்டு வந்தனான்” என்றார் அக்கா. தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“காய்ச்சல்ல செத்துட்டாங்கன்னு சொன்ன?”

“நீ இடுப்பில இருந்தாய். ரெண்டு பேரைத் தூக்க ஏலாது. பின்னால வாறன், நீ போ எண்டு சொன்னவ. நான் திரும்பிப் பாக்கேல்ல. பாத்திருந்தா நடந்திருக்க ஏலாது.”

இருவரும் செக்கிங்குக்குப் போய் வரிசையில் நின்றார்கள். மறுநாள் அக்கா வழக்கம்போல டப்பா அடுக்கினார். நானும் அடுக்கினேன். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

படம் வந்ததும் அக்காதான் பார்க்கலாம் என்றார். அந்தக் காட்சி ஒரு நிமிஷம்கூட இல்லை. நடிகை அழுதாள், வயலின் வாசித்தார்கள், அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது அக்கா கேட்டார்: “நீ புத்தகம் படிச்சனியெல்லே. அந்த மனுசி பிறகு என்ன ஆனா? அதில எழுதியிருக்கோ?”

எழுதியிருந்தது. ஒரே ஒரு பக்கம். இரண்டாம் நாள் நாய்கள் வந்தன என்று அதில் இருந்தது.

“யாரோ மாட்டு வண்டில வந்து ஏத்திக்கினு போய்ட்டாங்கக்கா” என்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அப்பிடியும் நடந்ததுதான். கன பேரை ஏத்தினவங்கள்” என்றார். அதன் பிறகு வேலை நேரத்தில் ஒன்றிரண்டு முறை அவர் ஏதோ பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டேன். பொய் சொன்னதற்காக நான் வருந்தவே இல்லை.

இப்போது அக்கா முழங்கால் வலியால் வேலைக்கு வருவதில்லை. மகள்தான் ஒரு கம்பெனி ஆபீசுக்குப் போகிறாள். போன மாதம் ஸ்டேஷனில் பார்த்தபோது, “ஆன்ட்டி, அந்த புக்கு உங்ககிட்ட கீதுன்னு அம்மா சொல்லிச்சு. குடுங்க, படிச்சுட்டுத் தரேன்” என்றாள். இல்லையென்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு மறுநாள் கொடுத்தேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தாள். “நடுவுல ஒரு பக்கம் இல்ல ஆன்ட்டி.”

“பழைய புக்கு” என்றேன். “அம்மா படிச்சாங்களா?”

“நேரா அந்தக் கெழவி வர்ற எடத்தைத்தான் எடுத்துக் குடுக்கச் சொல்லிச்சு. கிழிஞ்சுகீற எடத்துல ரொம்ப நேரம் வெரல வெச்சிக்கினு இருந்துச்சு. அப்பால புக்க மூடிக் குடுத்துட்டு, வண்டி வரேல்லையாக்கும்னு சொல்லிச்சு. இன்னா வண்டி ஆன்ட்டி?”