தோட்டத்து லயத்தில் ஒரு கேள்வி

கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பழைய ரப்பர் ஆலையும், தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசையான ஒரு லயமும் மட்டும் இடிபடாமல் நின்றன. அவற்றைப் பாரம்பரியத் தலமாகப் பராமரிக்க ஒரு திட்டம் தயாரானது. அதில் சுற்றுவட்டார மக்கள் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்று மதிப்பிடுவது என் வேலை.

முதல் கூட்டத்துக்கே தோட்ட மண்டபம் நிறைந்துவிட்டது. தோட்டத்தை விட்டுப் புக்கிட் செந்தோசாவுக்குக் குடிபோன குடும்பங்கள்கூட வந்திருந்தன. என் மேலதிகாரி திரையில் வரைபடங்களைக் காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

திரும்பும் வழியில் அவர், பங்கேற்பு மிக நன்று என்று எழுதிவிடச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்றேன். மிகக் குறைவு என்றுதான் எழுதினேன். இன்னொரு கூட்டம் வேண்டுமென்றும் கேட்டேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

இந்த முறை லயத்து வாசலிலேயே நாற்காலி போட்டோம். திட்டத்தில் எதையெல்லாம் இன்னும் மாற்ற முடியும் என்பதைத்தான் முதலில் சொன்னேன். செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டும் ஒருவர் எழுந்தார். அதே லயத்தில் பிறந்தவர்.

“தங்கச்சி, இத மியூசியமாக்கிப் பூட்டிட்டா, சாவி யாருகிட்ட இருக்கும்?”

தோட்ட நிர்வாகத்திடம் என்றேன்.

“அப்படின்னா எங்களுக்கு வேண்டாம் லா. நான் பொறந்த வீட்டப் பாக்க யாரையும் கேட்டு நிக்க மாட்டேன்.”

அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்த ஒரு பாலர்பள்ளி ஆசிரியை, ஆலையைக் கல்யாணத்துக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் விட வேண்டும் என்றார். லோரிக்காரர், ஆட்டம்பாட்டத்தில் சுவர் விழுந்துவிடும் என்று மறுத்தார். இருவரும் சூடாக வாதாடினார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசியில் லயம் அப்படியே இருக்கட்டும், ஆலையில் விசேஷம் நடக்கட்டும், உள்ளே சமையல் கூடாது, சாவியும் முடிவும் புதிதாக அமைக்கும் ஊர்க் குழுவிடம் என்று தீர்மானித்தார்கள். அதைத் திட்டத்தில் சேர்த்தேன். நிர்வாகம் தயங்கியபோது, அதற்காக வாதாடியவர் என் மேலதிகாரிதான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நிர்வாகமும் இறங்கி வந்தது.

குழு இப்போது மாதாமாதம் கூடுகிறது. போன கூட்டத்தில், நான் வரைந்து கொண்டுபோன பெயர்ப்பலகையை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தமிழ் எழுத்து சிறியதாக இருக்கிறதாம். சரியாகத்தான் சொன்னார்கள். மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.