ஞானமுத்து இறுக்கிய மரை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் காலை பஸ் அன்று ராஜபாளையத்தில் என் கடை வாசலில் நின்றது. அங்கே நிற்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. டிரைவர் இறங்காமலே தலையை நீட்டி, "ராஜா, மடவார் வளாகத்து பிட்டர் ஞானமுத்து போயிட்டாரு. விடியக்காலம் ஜெபத்துக்கு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம். முந்தின நாள்தான் அந்த மனிதர் கடைக்கு வந்து, நான் தருவித்திருந்த, குழாய்களை இணைக்கும் சாக்கெட்டுகளில் மரை ஆழமாக வெட்டப்படவில்லை என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டார். "மிச்சத்தை நாளைக்கு வந்து பேசுதேன்" என்று சொல்லித்தான் போனார். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

அவரோடு பழகி, இன்று அவருக்காகக் கூடியிருக்கிற உங்களுக்குத் தெரியும், அடக்கம் என்பது ஞானமுத்துவிடம் மருந்துக்கும் கிடையாது. நான் குழாய் விற்பவன், அவர் குழாய் மாட்டுபவர். எங்கேயாவது ஒழுகினால் அவர் என் குழாயைத் திட்டுவார், நான் அவர் கையைத் திட்டுவேன். ஆனால் ஒழுகுகிறது என்று யாராவது வந்து சொன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பந்திக்குக் கூப்பிட்டதுபோல் எழுந்து நிற்பார். "எங்கே ஒழுகுது? துளித்துளியாவா, பீச்சியடிக்கா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடுவார். ஒழுகல் அவருக்குத் தொல்லை அல்ல, விருந்து. "ஒழுகுத குழாய் பொய் சொல்லாது ராஜா, மனுசன்தான் சொல்லுவான்" என்பார்.

தளவாய்புரத்து மரக்கடையில் பழைய ரம்ப எந்திரம் ஒன்று இருந்தது. மலை எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்ததை யாரோ விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். அதை ஞானமுத்து அக்கு அக்காகக் கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு மறுபடி பூட்டினார். பூட்டி முடித்தபின் தரையில் ஒரு நட்டு மிச்சம் கிடந்தது. ரம்பம் நன்றாகத்தான் ஓடியது. அறுக்க மரம் வண்டியில் காத்துக் கிடந்தது. அவர் விடவில்லை. "இங்கே மிச்சம் கெடக்குன்னா வேற எங்கேயோ குறையுதுன்னு அர்த்தம்" என்று மொத்தத்தையும் திரும்பக் கழற்றினார். எங்கும் குறையவில்லை. வெறுத்துப்போன கடைக்காரர் வீட்டுக்குக் கிளம்பலாமென்று தம் சைக்கிளில் ஏறினார். முன்சக்கரம் தனியாகப் போனது, அவர் தனியாகப் போனார். ஓடிப்போய்த் தூக்கிய ஞானமுத்து, "நான்தான் சொன்னேன்ல, எங்கேயோ குறையுதுன்னு" என்றார். அந்த வெற்றியை ஒரு வருஷமாவது சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனி கூமாப்பட்டிக் கதை. அங்கே ஆவுடையக்கா என்று விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி. கணவர் இல்லை. நிலமும் கிணறும் வாயும் உண்டு. உலகச் சண்டைக் காலத்துக்குச் சற்று முன்னே துணிந்து ஒரு ஆயில் எஞ்சினும் பம்பும் வாங்கினார். எஞ்சின் வந்த மிதப்பில் கமலையில் தண்ணீர் இறைக்கும் மாடுகளில் ஒன்றை விற்றும் விட்டார். பிறகு சண்டை வலுத்தது. பழைய குழாய் அரித்துப் போக, கிணற்றுக்குள் இறங்கும் குழாயைப் புதிதாகப் பூட்ட ஞானமுத்துவைக் கூப்பிட்டார்.

மரையில் மாவும் நாரும் வைத்துத்தான் குழாயை முறுக்க வேண்டும். அப்போதுதான் இடுக்கு அடைபடும். அதற்கான வெள்ளை மாவும் சீமைச் சணலும் அப்போது எந்தக் கடையிலும் இல்லை, என் கடையிலும் இல்லை. ஞானமுத்து அசரவில்லை. "ஊரெல்லாம் மில்லு. நூல் மலை மலையாக் கெடக்கு. ராஜபாளையத்துக்காரன் நாருக்கு அலைஞ்சா வெளியூர்க்காரன் சிரிப்பான்" என்றார். மில் நூலைச் சுற்றி, சுண்ணாம்பையும் கருப்பட்டியையும் இடித்துப் பூசி முறுக்கினார். தண்ணீர் வந்தது. நானும் தலையாட்டினேன். பஞ்சில் பிறந்து பஞ்சில் வளர்ந்த எங்கள் ஊர்க்காரனுக்குப் பஞ்சு தோற்கும் என்று எப்படித் தோன்றும்?

தோற்றது. நெல் பொதி கட்டுகிற நேரத்தில் ஆவுடையக்கா ஆள் அனுப்பினார். நாங்கள் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் வத்திராயிருப்பு வரை போய், அங்கிருந்து நடந்தோம். வயலில் வெடிப்பு விழ ஆரம்பித்திருந்தது. எஞ்சின் ஓடியது, பம்பு இருமியது, கொஞ்சம் தண்ணீர் துப்பியது, நின்றது. அக்கா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"தம்பி, டின்னுல அடிமண்டியா கொஞ்சூண்டு மண்ணெண்ணெய்தான் இருக்கு. அடுத்த ரேசனு எப்பம்னு எவனுக்கும் தெரியாது. கமலை கட்டலாம்னா ஒத்த மாடுதான் நிக்கி. இன்னைக்குத் தண்ணி வரலைன்னா எனக்கு இந்த வருசம் சோறு இல்லை. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

பம்புக்கு மேலே போகும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். கீழே தண்ணீரை உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் ஒன்றும் சொட்டாது. அது காற்றை உள்ளே இழுக்கும். பம்பை ஓட்டுமுன் அந்தக் குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றுவோம். அடியில் வால்வு தாங்க, மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் ஊற்றியது அப்படியே நிற்கும். மயிரிழை காற்று புகுந்தாலும் எல்லாம் கிணற்றில் இறங்கிவிடும். எந்த மூட்டு காற்றை இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருக்கிற எண்ணெயில் எஞ்சினை எம்புட்டு நேரம் ஓட்டுவது?

ஞானமுத்து பம்பு இருக்கும் படி வரைக்கும் கிணற்றுக்குள் இறங்கி நின்று மேலே பார்த்தார். "ராஜா, ஒரு கட்டு பீடி வேணும்."

அவர் உபதேசியார் மகன். புகையிலை வாசனை அடித்தாலே அது பாவமென்று பிரசங்கம் ஆரம்பிப்பவர். நான் காது சரியாக இருக்கிறதா என்று யோசிப்பதற்குள் அக்கா வயற்காட்டு ஆட்களிடம் வாங்கிக் கீழே போட்டுவிட்டார். எஞ்சினை ஓட்டச் சொன்னார் ஞானமுத்து. பீடியைப் பற்றவைத்து, இருமி, கண்ணீர் வடிய, ஒவ்வொரு மூட்டிலும் வாயை வைத்துப் புகையை ஊதினார். முதல் மூட்டில் புகை மேலே போனது. அடுத்ததிலும் மேலே போனது. பம்பை ஒட்டி வளைந்து திரும்பும் எல்போ மூட்டில் ஊதினார். புகை மேலே வரவில்லை. குழாய் அதைக் குடித்துவிட்டது.

"நிறுத்துங்க நிறுத்துங்க, ஆள் ஆப்புட்டுட்டான்" என்று அவர் கத்தியது மலையடிவாரம் வரை கேட்டிருக்கும். நான் எஞ்சினை நிறுத்தினேன்.

கழற்றினால் உள்ளே நூல் நைந்து, சகதியாகக் கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். அக்கா முன்னால் நீட்டி, "அக்கா, என் யோசனை தோத்துப் போச்சு. நூல் நனைஞ்சா தொவண்டு போகுது. நாருன்னா நனைய நனைய உப்பும். இது தெரியாமப் பெரும பேசினேன்" என்றார். தோற்றதைச் சொல்லும்போதும் அவர் குரலில் அதே உற்சாகம்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா எரிச்சல்படவில்லை.

"நாருதான வேணும்? மாட்டுக் கவுறு புளிச்ச நாருதான" என்றார். தொழுவத்தில் நின்ற ஒற்றை மாட்டின் கயிற்றை அவிழ்த்து, அரிவாளால் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். மிச்சம் கட்டுவதற்குப் போதவில்லை. வேலை முடியும்வரை மாட்டைக் கையாலேயே பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றார்.

மாவுக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று வரும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த குங்கிலியத்தை நல்லெண்ணெயில் காய்ச்சினோம். தூத்துக்குடியில் தோணிக்கு அடைப்பது அதுதானாம். கயிற்றைப் பிரித்து, நாரைச் சீவி, மரை சுற்றுகிற திசையிலேயே சுற்றினார். "மரை போற போக்குல நாரு போவணும். எதுத்துச் சுத்தினா முறுக்க முறுக்க வெளியே தள்ளிரும்" என்று பாடம் வேறு. ரெஞ்சைப் போட்டு முறுக்கினார். இறுகியது. ஆனால் எல்போவின் வாய் பம்பைப் பார்க்கவில்லை. விரற்கடை தாண்டிப் போயிருந்தது.

"லேசாப் பின்னால திருப்பும், சரியா வந்திரும்" என்றேன்.

"இறுகினதைத் திருப்பக் கூடாது ராஜா. திருப்பினா உள்ளே நாரு விட்டுரும். அடுத்த வாரம் திரும்ப பீடி குடிக்கணும்."

"அப்பம் என்ன செய்யப் போறீரு?"

"இன்னொரு சுத்து முன்னால."

"வார்ப்பிரும்பு ஓய் அது. வெடிச்சா இந்த ஜில்லாவுலயே வேற எல்போ கெடையாது. என் கடையில இல்லைன்னா எங்கேயும் இல்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே அக்காவைப் பார்த்தார். "அக்கா, என்ன செய்ய?"

அக்கா மாட்டை விடாமல் கீழே குனிந்து பார்த்தார். "நீரு எதுக்கு என்னைக் கேக்கீரு? முறுக்கும்" என்றார்.

முறுக்கினார். இரும்பு முனகியது. கால் சுற்று, அரைச் சுற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். முக்காலில் ரெஞ்சு நின்றுவிட்டது. அவர் படியில் காலை உதைத்து, உடம்பை முழுக்கச் சாய்த்தார். எல்போ நகர்ந்து பம்பைப் பார்த்து நின்றது. விரலால் சுற்றித் தடவினார். வெடிப்பு இல்லை. மிச்சப் பூட்டுகளையும் போட்டு, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினைச் சுற்றினோம். பம்பு இருமவே இல்லை. தண்ணீர் வாய்க்காலில் விழுந்த வேகத்தில் மாடு மிரண்டு அக்காவை இழுத்துக்கொண்டு ஓடியது. அக்கா சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார். ஞானமுத்து கிணற்றை விட்டு ஏறவில்லை. கூப்பிட்டால், "செத்த நேரம் கேட்டுட்டு வாரேன்" என்றார். காற்றை இழுக்கும் சீறல் அங்கே கேட்கவில்லை. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் நெல் வீடு வந்தது.

அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு, மறுநாள் நானே கூமாப்பட்டிக்குப் போய்ச் சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போய் அதை நிறுத்தினார். "நம்ம வீட்டுச் சாவு தம்பி. ரெண்டு பொழுது பயிரு பொறுக்கும்" என்றார். ரெண்டு பொழுதோடு விடவில்லை, அதற்கு மேலும் நிறுத்தி வைத்திருந்தார். பிறகு ஆள் வந்தது, எஞ்சினை எடுத்து ஓட்ட நான் வர வேண்டுமாம்.

போனேன். அத்தனை நாள் சும்மா கிடந்த பம்பு. குழாயில் ஊற்றுவதற்கென்று இரண்டு வாளி தண்ணீர் நிறைத்துத் தூக்கிப் போனேன். அக்கா தடுத்தார். "ஊத்தாதிய. முதல்ல ஓட்டிப் பாப்போம்." வீண் வேலை என்று நினைத்தபடி சக்கரத்தைச் சுற்றினேன்.

தண்ணீர் உடனே வந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு காற்றுக் குமிழி இல்லை. அவர் செத்து, புதைத்து, நாங்கள் அழுது முடித்து இத்தனை பொழுது ஆன பின்னும் குழாய்க்குள் தண்ணீர் ஒரு சொட்டு இறங்காமல் நின்றிருக்கிறது. வாளிகளைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் ரெஞ்சு அவர் மகனிடம் இருக்கிறது. அது அவனுக்குத்தான் சேர வேண்டும். எனக்கென்று மிஞ்சியது, ஊற்றத் தேவைப்படாத அந்த இரண்டு வாளித் தண்ணீர். அதைக் கிணற்றில் திருப்பிக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் வயலில் ஊற்றிவிட்டு வந்தேன்.