ஆப்புக்குள் அகப்பட்ட வீடு

மரிய அந்தோணிக்கு எல்லைக்கோடு என்றாலே ஆகாது. இத்தனைக்கும் அவர் சோறு தின்றதே கோட்டினால்தான். நியூ ஜெர்சியில் வால்டர் என்ற கிழட்டு சர்வேயரிடம் கம்பு பிடிக்கிற வேலை. உச்சியில் கண்ணாடி பதித்த கம்பை நட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தூரத்தில் வால்டர் கருவிக்குள் கண்ணை வைத்து அளவெடுப்பார். தூத்துக்குடிப் பக்கம் எட்டாவதோடு படிப்பை முடித்தவர், நர்ஸ் வேலைக்கு வந்த மனைவி ஜெயகுமாரியின் விசாவில் தொற்றிக்கொண்டு தொண்ணூற்றொன்றில் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து சேர்ந்தார். கம்பு பிடிப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கம்பு பேசாது.

அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, அதுவும் மனைவி ஆரம்பித்தது. வந்த புதிதில் பக்கத்து அபார்ட்மெண்டில் ஒரு கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண் பிள்ளை பெற்றுவிட்டு, துணைக்கு ஆளில்லாமல் பீட்சாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ஜெயகுமாரி அதைப் பார்த்துவிட்டு வந்து பூண்டுக் குழம்பு வைத்தாள். அப்படியே அது முறைச்சோறு ஆகிவிட்டது. தமிழ்ச் சங்கத்தில் எவள் பிள்ளை பெற்றாலும், எவளுக்கு ஆபரேஷன் ஆனாலும், வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சோறு போகும். தூக்கிக்கொண்டு ஓடுகிற வண்டி அந்தோணியுடையது. பனியிலும் ஓடினார்.

அந்தச் சங்கம் தொண்ணூற்றெட்டு பொங்கலோடு உடைந்தது. எதற்கு என்று கேட்டால் துப்பத் தோன்றும். குத்துவிளக்கின் முதல் திரியை யார் மனைவி ஏற்றுவது என்று தகராறு. மருந்துக் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்த சுந்தரராமன் ஒரு பக்கம், எடிசனில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்த நஞ்சப்பன் மறுபக்கம். பள்ளிக்கூட காஃபெட்டேரியாவில் கடைசிக் கூட்டம் நடந்தது. சுந்தரராமன் லைப்ரரியிலிருந்து ஒரு மேப்பைப் பெரிதாகக் காப்பி எடுத்துக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார்.

"சண்டையே வேணாம். ஹிஸ்டரி நமக்கு ஏற்கெனவே டிவைட் பண்ணி வெச்சிருக்கு" என்றார்.

பிறகு பாடம் எடுத்தார். ஆயிரத்து அறுநூற்று அறுபத்துநாலில் இங்கிலாந்து ராஜா இந்தக் கரையைத் தன் தம்பிக்குக் கொடுத்தாராம். தம்பி அதில் ஒரு பகுதியைத் தன் சிநேகிதர் இரண்டு பேருக்குத் தூக்கிக் கொடுத்தாராம். ஒருவர் தன் பாதியை விற்றுவிட, கிழக்கு ஜெர்சி, மேற்கு ஜெர்சி என்று இரண்டு மாகாணம் ஆயிற்றாம். ஏற்கெனவே அங்கே குடியிருந்த லெனாப்பே ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சுந்தரராமன் சொல்லும்போது, சாப்பாட்டில் உப்புக் குறைவு என்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். அந்தோணி பின்வரிசையில் காலி அண்டாவின் மேல் உட்கார்ந்துகொண்டு, காணாத நிலத்தைக் கையால் வழித்துக் கொடுத்த அந்த ராஜாவை மனதுக்குள் வைதார்.

நஞ்சப்பன் மேப்பின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். "ஏனுங்க சார், இதுல ரெண்டு கோடு கெடக்குதுங்களே. எதுங்க நம்முளுது?"

கெடந்தது. ஆயிரத்து அறுநூற்று எண்பத்தேழில் ஒருவர் கோடு இழுக்க ஆரம்பித்துப் பாதி வழியில் விட்டுவிட்டார். அது தப்பு என்று மேற்குக்காரர்கள் கத்தினார்கள். ஐம்பத்தாறு வருஷம் கழித்து இன்னொருவர் அதற்குக் கிழக்கே தள்ளி வேறு கோடு போட்டார். இரண்டுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு நிலம். வெஸ்ட் வின்ட்சர் அந்த ஆப்புக்குள் இருந்தது.

"புதுக்கோடுதான் லீகல். ஸோ, அந்தோணி ஃபேமிலி எல்லாம் வெஸ்ட். நம்ம ஆளு" என்றார் சுந்தரராமன்.

"அதெப்படிங்க? மொதல்ல போட்டதுதானுங்க கோடு. ஜெயாக்கா எங்க பக்கமுங்க" என்றார் நஞ்சப்பன்.

ஜெயகுமாரியின் கைப்பக்குவம் இரண்டு பேருக்குமே தெரியும். படித்தவர்கள் அத்தனை பேரும் செத்துப்போன வெள்ளைக்காரன் கோட்டுக்காக மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு சங்கமும் வெஸ்ட் வின்ட்சரைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு கலைந்தன.

மார்ச்சில் ஜெயகுமாரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டுக்கு வந்த அன்று படுக்கையில் கிடந்தபடியே சொன்னாள்: "ராஜலக்ஷ்மி அக்கா மொத நாளு ரசம் கொண்டாருவாவ. பழைய பாத்திரம் ஒண்ணு இங்கன கெடக்கு. கழுவி வையுங்க, கையோட குடுத்து விடணும்."

அந்தோணி கழுவி வைத்தார். மாலையில் போன் வந்தது. சுந்தரராமன் மனைவி ராஜலக்ஷ்மி. "ஜெயா, தப்பா எடுத்துக்காதே. இவர் மறுபடி மேப்பைப் பார்த்தாராம். பழைய கோட்டுப்படி நீங்க ஈஸ்ட்டுன்னு சொல்றார். நான் கோட்டைத் தாண்டி வந்தா ஈஸ்ட் சங்கத்துக்காரங்க தப்பா நெனைப்பாங்க."

அடுத்த நாள் நஞ்சப்பன் மனைவி வசந்தாமணி. "அக்கா, உடம்பு எப்படிங்க? நானே வரலாம்னு கெளம்புனனுங்க. இவரு, புதுக்கோடுதான் செல்லுமாம், நீங்க அவங்க பக்கமாம், நாம மூக்க நொழைக்கக் கூடாதுங்கறாருங்க."

ஆள் வேண்டும்போது ஒரு கோடு, சோறு போட வேண்டும்போது இன்னொரு கோடு. இரண்டு பேரும் மேப்பை மாற்றிக்கொண்டார்கள். அந்தோணிக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, வீட்டுக்குள் கார்ப்பெட்.

அவரே ரசம் வைத்தார். மகள் ஃபெபி ஒரு வாய் வைத்துவிட்டு, "டாட், திஸ் இஸ் நாட் ரசம்" என்றாள். ஜெயகுமாரி மிச்சம் வைக்காமல் குடித்தாள். வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை திரும்புவதை அந்தோணி பார்த்தார். ஒருவரும் வரவில்லை. அவள் எழுந்து நடமாடுகிற வரைக்கும் வரவில்லை. கழுவி வைத்த பாத்திரம் மேடையிலேயே கிடந்தது.

வேலையிடத்தில் இதை வால்டரிடம் சொன்னார். கிழவர் சிரித்தார். கிழக்கு ஜெர்சியின் பழைய நிலச்சொந்தக்காரர்களுக்கு முன்னூறு வருஷமாக ஒரு சபை இருந்ததாம். அதுவே இந்த வருஷம் கடையைக் கட்டிவிட்டதாம். பழைய கோட்டின் மேலேயே ஓடுகிற ப்ராவின்ஸ் லைன் ரோட்டோரம் புதரை விலக்கி, கோட்டை அடையாளம் காட்ட நட்ட பழைய கல்லையும் காட்டினார். கல்லின் மேல் ஏதோ பறவை எச்சமிட்டிருந்தது. சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறது என்று அந்தோணிக்குப் பட்டது.

மே மாதம் ராஜலக்ஷ்மியின் மகள் பிள்ளை பெற்றாள். ராஜலக்ஷ்மிக்கு முதுகுவலி, நிற்க முடியவில்லை. போன் ஜெயகுமாரிக்கு வந்தது. அவள் கேட்டுவிட்டுப் போனை வைத்து, பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

"வெக்கங்கெட்டவளே, அவளுக்கா ஆக்குத?"

"பிள்ளை பெத்தவ மேப்பு பாக்கலியே. நீங்க மூஞ்சியக் கழுவிட்டு வண்டிய எடுங்க."

அவளோடு வாதாடி ஜெயித்த வரலாறு அவருக்கில்லை. குழம்பு கொதித்தது. துணி சுற்றிய பாத்திரத்தை வண்டியில் ஏற்றும் முன் அந்தோணி உள்ளே போய்ச் சுந்தரராமனுக்குப் போன் போட்டார். "சார், சோறு வருது. ப்ராவின்ஸ் லைன் ரோட்டுக்கு வந்திருங்க."

கல்லுக்குப் பக்கத்தில், ரோட்டின் இந்தப் பக்கப் புல்லில் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார். எதிர்ப்பக்கம் காம்ரி கார் வந்து நின்றது. சுந்தரராமன் ஆபீஸ் ஷூவோடு இறங்கி இந்தப் பக்கம் வந்தார்.

"என்ன அந்தோணி இது, வீட்டுக்கு வர வேண்டியதுதானே? ரெண்டே மைல்."

"தாண்டி வந்தா தப்பா நெனைப்பாவ சார்."

சுந்தரராமன் புதருக்குள் இருந்த கல்லைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் சும்மா பேச்சுக்கு... நாமெல்லாம் ஒண்ணுதானே."

"தூக்குங்க சார். ஆறிரும். பச்ச ஒடம்புக்காரி."

கார்கள் இரண்டு பக்கமும் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. சுந்தரராமன் ஷூ புல்லில் வழுக்க, பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். சட்டையில் குழம்பு சிந்தியது.

"காலிப் பாத்திரத்த கழுவிக் கொண்டாங்க. நாளைக்கும் இங்கனதான்" என்றார் அந்தோணி. வண்டியில் ஏறுமுன் கல்லைப் பார்த்து, ஆற அமரத் துப்பினார்.