ஆர்ச்சி வடக்கே பார்த்து உட்கார்ந்தார்

மர்டோ கிணறு என்கிற பாலைவன ஊருக்கு வருகிறவர்கள், அந்தக் காலத்து ஒட்டகக்காரர்கள் தகரத்தால் கட்டிய பழைய பள்ளிவாசலைப் பார்ப்பார்கள், சிவப்புப் பாறைக்கு நடுவே வற்றாத சுனையில் குளிப்பார்கள், நோரீனின் மதுக்கடையில் உட்கார்ந்து ஓப்பல் ரத்தினக் கல் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை வந்த லெனார்ட் கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆர்ச்சி ட்ரெம்பத்துக்கு அதுவே சந்தேகமாகப் பட்டது.

ஆர்ச்சி கல் தோண்டுகிறவர். வீடும் பாறைக்குள் குடைந்ததுதான். தேநீரில் ஈ விழாவிட்டால், ஈக்களுக்குள் ஏதோ சதி என்று நினைக்கிற மனிதர். போன வாரம் அவருடைய சுரங்கத்தின் கோடியில் பச்சையும் சிவப்புமாக ஒரு ஓப்பல் கோடு தெரிந்தது. அது நேரே தெற்கே, பக்கத்து நிலத்துக்குள் ஓடியது. அந்த நிலத்துக்காரன் கின்செல்லா கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டான். அவன் உரிமை திங்கள் காலையோடு முடிகிறது. அப்புறம் யார் முதலில் எல்லை முளை அடிக்கிறார்களோ அவர்களுக்கே நிலம். அதுவரை ஊரில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

அந்த லெனார்ட், ஆர்ச்சி சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டுக்கு வடக்கே கூடாரம் போட்டு, முக்காலியில் ஒரு தூரக்கண்ணாடியை நிறுத்தி, மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் சுரங்கத்தில் திருடுகிறவனை அங்கே எலி என்பார்கள். எலியேதான் என்று முடிவு கட்டிய ஆர்ச்சி, மடக்கு நாற்காலியை வடக்கே அவனைப் பார்த்தபடி போட்டுக் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"அதுல என்ன பாக்குறீங்க?"

"பஞ்சுருட்டான் குருவிங்க. உங்க மேட்டுல பொந்து போட்டு குஞ்சு பொரிச்சிருக்கு."

"குருவி பாக்கவா இவ்ளோ தூரம்?"

"ஆமாங்க."

இத்தனை அழகான பொய் சாதாரண எலிக்கு வராது என்று ஆர்ச்சிக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மாலை அவர் மதுக்கடைக்குப் போகவில்லை. முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நோரீனே இறைச்சிப் பணியாரத்தோடு வந்துவிட்டாள்.

"யோவ் ஆர்ச்சி, செத்துக்கித்துப் போயிட்டியான்னு பாக்க வந்தேன்."

"சும்மா வெயில் காயுறேன்."

"குடைக்குள்ளயா?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவர் முகம் திரும்பியிருந்த திசையைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போனாள். நோரீன் கேள்வி கேட்காமல் போனால் ஏதோ இருக்கிறது என்று ஆர்ச்சிக்கு அன்று ராத்திரி முழுக்க உறுத்தியது.

திங்கள் விடிந்ததும் டக் டக்கென்று சம்மட்டிச் சத்தம். வெளியே வந்து பார்த்தால் ஊரே திரண்டு மண்மேட்டுக்கு வடக்கே, யாரும் உரிமை கேட்காத பொட்டலில் முளை அடித்துக்கொண்டிருந்தது. லெனார்டின் கூடாரக் கயிறுகளுக்கு நடுவிலேகூட ஒரு முளை நின்றது. சம்மட்டி நோரீன் கையில்.

"கல்லு கெடைச்ச மனுஷன்தான் சனிக்கெழம பீரை மறப்பான்!" என்றாள் அவள்.

ஆர்ச்சிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். "பாவிங்களா, நாசமாப் போங்க!" என்று வாய் வலிக்கத் திட்டிவிட்டு, தெற்கே போய்க் கின்செல்லாவின் நிலத்தில் நாலு மூலையிலும் முளை அடித்தார்.

நோரீனின் சம்மட்டி அந்தரத்தில் நின்றது. "அங்க என்னய்யா பண்ற?"

"வடக்கெல்லாம்தான் நீங்க புடுங்கிட்டீங்களே. எனக்கு இந்தக் கட்டாந்தரையாவது மிஞ்சட்டும்."

அவள் கண்ணைச் சுருக்கினாள். அப்போதுதான் ஆர்ச்சி திரும்பிப் பார்த்தார். லெனார்டின் தூரக்கண்ணாடி மேட்டை விட்டு, அதற்கும் தெற்கே கின்செல்லாவின் நிலத்துக்குத் திரும்பியிருந்தது.

"அங்க குருவி ஒண்ணும் இல்லியே!" என்று அவனைப் பார்த்துக் கத்தினார்.

"இப்பதான் பறந்துச்சுங்க."

நாற்காலியைத் தெற்கே தூக்கிப் போடக் கை பரபரத்தது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்ச்சி பழையபடி வடக்கே பார்த்து உட்கார்ந்தார், கழுத்தை மட்டும் தெற்கே திருகிக்கொண்டு.