ஓய்வுபெற்றவரின் முத்திரை

என் தங்கை முட்டி மோதி வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பெண் இவள் ஒருத்திதான். தேர்ச்சியில் இரண்டாவது. கனரக வண்டி ஓட்டும் உரிமம், முதல் தேர்விலேயே. நகராட்சிப் பணிமனையில் மெக்கானிக் வேலை. அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. மூன்று மனு, பதினாறு மாதம், கடைசியில் கதவும் தாழ்ப்பாளுமாக ஒன்று கட்டினார்கள். முப்பத்து நான்காவது வயதில் அதே பணிமனைக்குப் பொறுப்பு மேற்பார்வையாளர். குப்பை லாரி, தண்ணீர் லாரி, சாக்கடை உறிஞ்சும் வண்டி என்று மொத்தம் எண்பத்து நான்கு வண்டிகள், பதினொரு மெக்கானிக்குகள். அவள் பொறுப்பேற்ற அன்று ஓடாமல் கிடந்தவை இருபத்தொன்பது. எட்டு மாதத்தில் அது ஒன்பதாயிற்று.

நான் எட்டாவதோடு நின்றவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணியை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது என் வேலை. தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதாகக் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். உண்மைதான். இத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் முப்பத்தொன்றாம் எண் லாரியை விட்டுவிட்டு எழுதினால் அது அவளுடைய கதையாக இருக்காது.

பணிமனையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் கேட் சீட்டு வேண்டும். அதில் வண்டி எண், 'ஓடத் தகுதியானது' என்று அச்சடித்த ஒரு வரி, அதன் கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து. அவளுக்கு முன்னால் இருந்தவருக்கு விரல்மூட்டு வலி. அதனால் தன் கையெழுத்தை ரப்பர் முத்திரையாகச் செய்து வைத்திருந்தார். ஓய்வு பெற்றுப் போகும்போது சாவிக்கொத்தோடு அதையும் இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இவள் தலைமை அலுவலகத்தில் கேட்டாள். "நீங்க பொறுப்புதானேம்மா. நிரந்தர ஆர்டர் வரட்டும், மாதிரிக் கையெழுத்து வாங்கிக் கோப்புல சேர்த்துக்கிறோம். அதுவரைக்கும் இருக்கறதை வெச்சு ஓட்டுங்க" என்றார்கள். அப்படியே பதினான்கு மாதம் ஓடியது.

மெக்கானிக்குகளில் மூத்தவரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். இவளைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்தே பாப்பா என்று கூப்பிடுகிறவர். அவர் சொல்வாராம்: "பாப்பா, அந்த மனுஷன் வீட்ல காலை நீட்டி டிவி பாத்துக்கிட்டு இருக்காரு. இங்க தெனமும் எண்பது வண்டியைப் பாத்து அனுப்பறாரு. இப்படி ஒரு உழைப்பாளியை நான் பாத்ததே இல்ல."

காலை ஐந்தரைக்கு வண்டிகள் கிளம்பும். ஒவ்வொன்றாக நிறுத்தி முத்திரை குத்தினால் தெரு முனை வரைக்கும் வரிசை நிற்கும். அதனால் முந்தின நாள் மாலையே வெற்றுச் சீட்டுகளில் குத்தி வைத்துவிடுவார்கள். வண்டி எண்ணை மட்டும் காலையில் எழுதினால் போதும். அவளுக்கு முன்னால் இருந்தவர் காலத்திலேயே அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பணிமனை கிடையாது என்பதால் திங்கட்கிழமைக்கான சீட்டுக்கட்டையும் முத்திரையையும் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வருவாள். அதை நான் குத்திக் கொடுப்பேன். நூறு சீட்டு. மை பரவாது, கோணாது, கோட்டுக்கு மேல் நேராக உட்காரும்.

"நீ குத்துனா அச்சடிச்ச மாதிரி இருக்குக்கா" என்பாள்.

எனக்கு அதில் அவ்வளவு பெருமை. பணிமனையின் வாசலைக்கூட மிதிக்காத நான், அத்தனை வண்டிகளும் ஓடத் தகுதியானவை என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சான்று கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அது உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை முப்பத்தொன்றாம் எண் குப்பை லாரியின் கைபிரேக் பிடிக்காததை அவள் கண்டுபிடித்தாள். 'வெளியே அனுப்பக் கூடாது' என்று பழுதுப் புத்தகத்தில் எழுதி, வழக்கம்போல் புத்தகத்தைத் தன் மேசைக்குள் பூட்டினாள். மேஸ்திரி அன்று விடுப்பு. திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்குச் சீட்டுக்கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, கிளம்ப மறுத்த ஒரு தண்ணீர் லாரியைப் பார்க்கப் பின்பக்கம் போனாள். முப்பத்தொன்றைச் சொல்ல மறந்துவிட்டாள். டிரைவர் சீட்டுக் கேட்டார், மேஸ்திரி எண்ணை எழுதிக் கொடுத்தார், காவலாளி முத்திரையைப் பார்த்துக் கேட்டைத் திறந்தார். தினமும் செய்வதைத்தான் எல்லோரும் செய்தார்கள்.

ஆறு இருபதுக்கு அந்த வண்டி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். டிரைவருக்குப் போன் செய்தாள். அவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. ஆறு முப்பத்தைந்துக்கு ஒரு மேட்டுத் தெருவில் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கினார். குப்பை ஏற்றும் தொழிலாளி தொட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். லாரி பின்னோக்கி உருண்டு அவருடைய வலது காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை விசாரணை என்றாள். அப்போது நான் சொன்னது இது. மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீ வாயைத் திறக்காதே. முத்திரை அந்தப் பழைய ஆளோடது. நம்பர் எழுதினது மேஸ்திரி. உன் கை எதுலயும் இல்ல."

"உன் கை இருக்கேக்கா" என்றாள்.

மேசையில் மைப்பெட்டி அப்படியே இருந்தது. அதை எடுத்து அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன். யாரும் தேடி வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஒளித்தேன்.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி கேட்டதற்கு, முத்திரை மேசை மேல் இருந்தது, யார் எடுத்துக் குத்தினார்கள் என்று தெரியாது என்று சொல்லிவிட்டாள். பொய். அதிகாரிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மேஸ்திரி மேல் எழுதி மூடிவிடலாம். அவருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அடுத்ததாகத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே வந்து, "அந்தப் பத்தாம் நம்பர் வண்டியைப் பிரிச்சுடலாமா மேடம்?" என்று கேட்டார்.

அந்த 'மேடம்' என்ற ஒரு சொல்லை அவள் இரண்டு நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "திட்டியிருந்தாகூடப் பரவால்லக்கா. மேடம்கிறார்."

ஞாயிற்றுக்கிழமை அடிபட்டவரைப் பார்க்கப் போனோம். நான் வேலை செய்யும் அதே மருத்துவமனை, இரண்டாவது மாடி, பதினெட்டாம் கட்டில். எங்களைக் கண்டதும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மேடம் வந்தீங்க? வேலை தலைக்கு மேல கிடக்குமே. தப்பு என்னோடது. சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டுத்தான் பின்னால போகணும்னு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. அவசரத்துல விட்டுட்டேன். இப்ப என்னால உங்களுக்கு வேற விசாரணையாமே."

அவர் மனைவி தலையணையைச் சரி செய்துகொண்டே, "வீட்லயும் இப்படித்தான் மேடம். கதவைச் சாத்துன்னா சாத்த மாட்டாரு, லைட்டை அணைன்னா அணைக்க மாட்டாரு. அவரை மன்னிச்சுக்குங்க" என்றார்.

வாங்கிப் போன பழத்தை வைக்க இடம் தேடுவதுபோல் குனிந்த என் தங்கை நிமிரவே இல்லை. நானோ அந்தக் கட்டில் விரிப்பின் ஓரத்தில் எங்கள் சலவைக்கூடத்து எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கிளம்பும்போது அந்த அம்மா மாடிப்படி வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார்.

படியில் பாதி இறங்கியதும் தங்கை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். "நசுங்குனது அவர் காலு. அவர் என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாருக்கா. அந்த வண்டியில கட்டையே கிடையாது. அது எனக்குத் தெரியும். அதுவும் பழுதுப் புத்தகத்துல இருக்கு."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். நான்கு தாள் கிழித்தாள். முதல் தாளில் வழக்கத்தைக் காரணம் சொல்லியிருந்தாள், இரண்டாவதில் தலைமை அலுவலகத்தை. மூன்றாவதில் மன்னிப்பு அதிகமாக இருந்தது. நான்காவதை ஏன் கிழித்தாள் என்று தெரியவில்லை. ஐந்தாவது ஒன்பது வரி. வண்டியின் பழுது தனக்குத் தெரியும், வெற்றுச் சீட்டுகள் தன் பொறுப்பில் முத்திரையிடப்பட்டுத் தன் கையால் கொடுக்கப்பட்டன, மேஸ்திரிக்குப் பழுது தெரியாது, வியாழக்கிழமை சொன்னது பொய்.

"என்னைப் பத்தி எழுதலையே" என்றேன்.

"நீ என் வண்டியைப் பாக்கற ஆளா? பாக்க வேண்டிய ஆளு நான்."

"நானும் வரேன். நான்தான் குத்தினேன்னு சொல்றேன்."

"வந்து? அக்கா வேற மாட்டிக்கிட்டான்னு இன்னொரு கோப்பு போடுவாங்க. சும்மா இரு."

சும்மாதான் இருந்தேன். அவள் காப்பாற்றியது மேஸ்திரியை மட்டும் இல்லை. இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. பதினெட்டாம் கட்டில்காரரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் தினமும் அந்த வார்டுக்கு விரிப்பு எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கடிதத்தையும் முத்திரையையும் அதிகாரியின் மேசையில் வைத்தாளாம். அவர் முத்திரையை ஓர் உறைக்குள் போட்டுவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதைக் கொடுத்தா நிரந்தர ஆர்டர் வராதும்மா. யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

"கீழே கையெழுத்தில்லையே."

"உங்க எதிர்ல போடணும்னு வெச்சிருந்தேன். என் மாதிரிக் கையெழுத்து எந்தக் கோப்புலயும் இல்ல சார். இதையே வெச்சுக்குங்க."

ஆர்டர் வரவில்லை. மூன்று வருடம் மறுபடியும் மெக்கானிக்காக வண்டிக்கு அடியில் படுத்தாள். மேஸ்திரி எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் ஓய்வு பெற்றார். அடிபட்டவர் இன்றும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறார். இப்போது அவள் நிரந்தர மேற்பார்வையாளர். காலை நாலரைக்கே கேட்டில் நிற்கிறாள். ஒவ்வொரு வண்டியையும் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறாள். வரிசை தெரு முனை வரைக்கும் நிற்கத்தான் செய்கிறது.

என் பெட்டியில் அந்தக் கடிதத்தின் நகல் இருக்கிறது. 'பொறுப்பு மேற்பார்வையாளர்' என்ற சொற்களுக்கு மேலே முழுப் பெயர், முதலெழுத்தோடு. அந்தப் பதவியில் இருந்த பதினான்கு மாதத்தில் அவள் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்ட தாள் அது. பக்கத்தில் அவளே தேதி எழுதியிருக்கிறாள்: 11 ஆகஸ்ட் 2014, திங்கட்கிழமை.