பெண்கள் பாடும் இடம்

எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று தெரிந்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். திருப்பூரில் எங்கே நடப்பது? எங்கள் சந்திலிருந்து வெளியே வந்தால் ஒரு பக்கம் கம்பெனி வேன், ஒரு பக்கம் டூவீலர். சர்க்கரைக்கு முன்னால் வண்டியே ஆளை முடித்துவிடும். நடக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சும்மா விடவில்லை. அவள் போகும் உடற்பயிற்சி வகுப்பில் போடும் பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு ஸ்பீக்கரோடு கொண்டுவந்து வைத்தாள். அமெரிக்கக் கறுப்பர்கள் அந்தக் காலத்தில் வாசித்த ஃபங்க் இசையாம்.

"ஊட்டுக்குள்ளயே ஆடுங்கப்பா. யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

தனியாக ஆட வெட்கமாக இருந்ததால் மனைவியையும் இழுத்தேன். நான் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், சாயங்காலம், கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவோம். பேஸ் கிடாரின் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறி நெஞ்சில் வந்து குத்தும். காலமெல்லாம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டுகிற எனக்கு அதிர்வு புதிதல்ல. ஆனால் அதற்கு இடுப்பை ஆட்டலாம் என்பது புதிது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒரு ஆள் எங்கோ முனகுகிறான், மற்றதெல்லாம் தாளம்தான், பாடகர் தொல்லை இல்லாத உருப்படியான இசை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆடும்போது நடுநடுவே அவள் வாய் திறந்து மூடும். "ஏம்புள்ள, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" என்று கிண்டல் செய்வேன். முறைப்பாள்.

லீவுக்கு வந்த மகள் நாங்கள் ஆடுவதைப் பார்த்தாள். முடிந்ததும் என் எதிரே வந்து, "அம்மா என்னமாப் பாடுது பாத்தீங்களாப்பா?" என்றாள்.

"எப்பப் பாடுனா?"

சிரித்தாள். நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதே பாட்டை மறுபடி போட்டாள். ஒரு ஆண் கூப்பிடுவானாம், பெண்கள் கூட்டமாகப் பதில் பாடுவார்களாம். அந்த இடம் வரும்போதெல்லாம் விரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு அங்கே வெறும் தாளம். அர்த்தம் தெரியாமலே என் மனைவி அந்தப் பெண்களோடு சேர்ந்து இத்தனை நாளாகப் பாடியிருக்கிறாள்.

காது டாக்டர் என்னைச் சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். பெண் குரல் போன்ற மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது, மிஷின் தின்றுவிட்டது, திரும்ப வராது என்றார். நேருக்கு நேர் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை நாள் சமாளித்திருக்கிறேனாம். எங்கள் ஷெட்டில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வோம். யார் காது போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஷெட்டைச் சோதிக்க ஆடிட் வருகிற அன்று மட்டும் காதடைப்பான் தருவார்கள். ஆடிட்காரர்கள் போனதும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம். காது டாக்டரைப் பார்த்த அன்றைக்கும் ஷிப்டுக்குப் போனேன். வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

காது போனதைவிட, ஆஸ்பத்திரி வாசலில் மனைவி என் முகத்துக்கு நேராக நின்று சொன்னதுதான் என்னை உடைத்தது.

"நாங் கூப்புட்டா நீங்க திரும்பறதே இல்லீங்க. எம் பேச்சு புடிக்கலைன்னு நெனச்சுட்டனுங்க. அதான் பேசறதையே உட்டுட்டேன்."

வயதாக ஆக அவள் அமைதியாகிவிட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டீக்கடையில், "எம்பொண்டாட்டி வாயே தொறக்க மாட்டா, நான் குடுத்துவெச்சவன்" என்று பீற்றிக்கொண்டவன் நான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினேன். எவர்சில்வர் தட்டு உருளுகிற மாதிரி ஏதோ கேட்கிறது. அவள் குரல் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் அது எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் பாராட்டினார். இப்போதும் ஆடுகிறோம். நேற்று பாட்டின் நடுவே அவள் உதடு அசைந்தது. அது பெண்கள் பாடும் இடமல்ல. அந்த இடங்களெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, "என்ன புள்ள சொன்ன?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், கையை ஆட்டிவிட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் காது தேவையில்லை. இத்தனை வருடங்களில் அவள் வாயில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான்.