எல்லாக் காதிலும் ஒரே துடிப்பு

பலூன் நர்ஸ் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. பஸ் டிப்போ, சலவைக்கூடம், பள்ளிக்கூட வராந்தா என்று எங்கே நாற்காலி போட இடம் கிடைத்தாலும் பையைத் திறந்துவிடுவாள். பையில் இருப்பதும் என்னவோ பெரிய சரக்கு இல்லை. கொஞ்சம் பலூன், அதை மூக்கில் பொருத்தி ஊதக் குமிழ்கள், ஒரு ரப்பர் குழாய்.

மூக்குக்குப் பின்னாலிருந்து காதின் உள்பக்கம் வரை நமக்கெல்லாம் ஒரு மெல்லிய வழி இருக்கிறது. எச்சில் விழுங்கும்போது அது திறந்து மூடும். சளி பிடித்து அடைத்துக்கொண்டால் காது மந்தமாகிவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு மெஷின் உண்டு. அந்த மெஷினுக்கு முன்னால் தெரு வரைக்கும் வரிசையும் உண்டு. அங்கே வேலை பார்த்த காலத்தில், வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் "காதுதானே, போகட்டும்" என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதுக்கு எதுக்குய்யா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று சொல்லிவிட்டுச் சின்ன கிளினிக் ஒன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய வைத்தியம் எளிது. ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு, மறு துவாரத்தால் பலூனை ஊத வேண்டும். காற்று உள்ளே போய் அடைப்பைத் தள்ளும். திறந்துவிட்டதா என்று பார்க்கத்தான் ரப்பர் குழாய். ஒரு முனை அவர்கள் காதில், மறு முனை அவளுடைய இடது காதில். அவர்கள் விழுங்கும்போது 'டிக்' என்று கேட்டால் வழி திறந்துவிட்டது. பஸ் டிரைவர்கள் சிக்னலில் நின்றபடி மூக்கால் பலூன் ஊதுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், காது கேட்டதே! வாரம் ஒருமுறை வருகிற காது டாக்டரும் "நர்ஸ் சொன்னா சரி" என்று விட்டுவிட்டார்.

போன மழைக்காலத்தில் அவளுடைய மகளுக்கே காது அடைத்தது. ஏழு வயதுப் பெண். மகளிடமிருந்து சளி தாய்க்கும் தொற்றியது. தாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மகளை உட்காரவைத்து தினமும் பலூன் ஊதச் சொன்னாள். வாரங்கள் போயின. 'டிக்' வரவில்லை.

"அம்மா, எனக்கு நல்லாக் கேக்குது."

"பொய் சொல்லாதே. வாயசைவைப் பார்த்துட்டுப் பேசறே. ஊது!"

மகளுக்கு மட்டுமில்லை, அந்தச் சமயத்தில் யாருக்குமே 'டிக்' வரவில்லை. எல்லோரும் "தேவலாம் நர்சம்மா" என்றுதான் சொன்னார்கள். ஊதச் சோம்பல்பட்டுச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லப் பயமாக இருந்தது. குழாயில் ஒரு துடிப்புக் கேட்டது. டப், டப் என்று நிதானமாக. ரத்த ஓட்டம்தானே என்று முதலில் விட்டுவிட்டாள். ஆனால் டிரைவருக்கும் அதே துடிப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அதே துடிப்பு, தள்ளாத கிழவருக்கும் அதே துடிப்பு. வேகத்தில்கூட வித்தியாசம் இல்லை.

கடைசியில் புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "எல்லார் காதுக்குள்ளயும் ஒரே ஆள் உக்காந்திருக்கற மாதிரி இருக்குங்க."

"அப்ப வாடகை வாங்கிக்கோ," என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் மகள் விஷயம் வேறு விதமாகப் போனது. மாடி வீட்டுக்காரருக்குப் பொல்லாத வியாதி என்று ஒரு சாயங்காலம் அவளும் புருஷனும் சமையலறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மகள் கூடத்தில், முதுகைக் காட்டியபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். மறுநாள் மாடி வீட்டு அக்கா தாம்தூம் என்று இறங்கி வந்தாள்.

"உன் பொண்ணு அவர்கிட்ட, 'மாமா, நீங்க சீக்கிரம் செத்துப்போவீங்களாமே'ன்னு கேக்கறா! யாரு சொல்லிக் கொடுத்தது?"

"அக்கா, அவளுக்குக் காதே கேக்காதுக்கா!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் சொல்லாமல் இந்தக் குழந்தைக்கு எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து பெற்ற மகளின் முகத்தை நேராகப் பார்க்கவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. குழந்தையும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். டாக்டரிடம் சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாள். மயக்க ஊசி போட்டு, செவிப்பறையில் துளையிட்டு, சின்னக் குழல் வைப்பார்கள். மகள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் கிளினிக்கில் ஈ காக்கை இல்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மகளை எதிரே உட்காரவைத்துக் குழாயை மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டப், டப், டப். அதே ஆள்.

"முழுங்கு," என்றாள். 'டிக்' இல்லை. "இன்னொரு தடவை முழுங்கு."

டப், டப்.

கண்ணைத் திறந்தால் எதிரே நாற்காலி காலி. மகள் வாசல் பக்கம் தண்ணீர்க் குழாயடியில் தம்ளரோடு நின்றிருந்தாள். ரப்பர் குழாயின் மறு முனை நாற்காலிமேல் சும்மா கிடந்தது. அவள் காதில் மட்டும் துடிப்பு நிற்கவே இல்லை.

அலறாமல் இருந்ததே பெரிது. குழாயைப் பிடுங்கி எறியப் போனவள், என்ன தோன்றியதோ, காதிலிருந்து அதை எடுத்துவிட்டு விரலால் காதைப் பொத்தினாள். டப், டப். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே அடித்தன.

அடப்பாவி! அடைத்துக்கிடந்தது தன்னுடைய இடது காது. இத்தனை நாள் ஊரார் காதில் எல்லாம் தன் ரத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மகளை இழுத்து உட்காரவைத்து, குழாயை இந்தத் தடவை வலது காதில் வைத்தாள். "முழுங்குடி கண்ணு."

'டிக்'. நகம் வெட்டுகிற மாதிரி அத்தனை துல்லியமாக. மகளின் மறு காதிலும் அப்படியே.

மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். டாக்டருக்கு உடனே போன் போட்டாள். நாளைக்கு வேண்டாம், தனக்குச் சளி பிடித்ததிலிருந்து பார்த்த அத்தனை பேரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப எனக்குக் காது நல்லாத்தான் இருக்கா?" என்றாள் மகள்.

"ஆமாண்டி தங்கம், நல்லாவே இருக்கு!"

மகள் தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப வேற பாப்பா வேண்டாம்தானே? அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னியே, இது இப்படி ஆயிடுச்சு, இன்னொண்ணாவது நல்லதாப் பெத்துக்கலாம்னு."

போனைப் பிடித்த கை கீழே இறங்கியது. டாக்டர் போனை எடுத்துவிட்டார். "ஹலோ? ஹலோ, சொல்லுங்க நர்ஸ்... கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.